செல் உயிரியலைச் சவ்விலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "செல்லின் நுண்ணுறுப்புகள் அத்தனையையும் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். ஆனால் ஒரு செல் எப்படி உயிரோடு இருக்கிறது, எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போகிறேன். இந்தப் பாடத்தை எப்படித்தான் படிப்பது?"

குறை உங்களிடம் இல்லை, பாடம் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில் இருக்கிறது. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம், ஒரு படம், கீழே "பணிகள்" என்று ஐந்து வரி. இப்படிப் படித்தால் எல்லா உறுப்பும் சம முக்கியத்துவம் உள்ளதாகத் தோன்றும். அது உண்மையில்லை. நம் இரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, ரைபோசோம்கூட இல்லை. அப்படியும் அது சுமார் 120 நாள் உடம்பைச் சுற்றி வருகிறது. ஆனால் அதன் சவ்வு கிழிந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அதனால் என் பதில் நேரடியானது: செல் சவ்வை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். "இந்த நிமிடம் சாகாமல் இருக்க இந்தச் செல் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது?" என்ற ஒரே கேள்வியோடு மற்ற எல்லாவற்றையும் படியுங்கள்.

பிளஸ் ஒன் செய்முறையில் ரியோ என்ற அலங்காரச் செடி இலையின் அடிப்புறத் தோலை உரித்துப் பிளாஸ்மா சிதைவு பார்த்திருப்பீர்கள். ஊதா நிறச் செல்கள். உப்புக் கரைசலை விட்டால் சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுருங்கி, செல்சுவரை விட்டு விலகும். நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி விரியும். படம் வரைந்து, "ஹைப்பர்டோனிக் (செல்லைவிடச் செறிவான) கரைசலில் நீர் வெளியேறியது" என்று எழுதி ரெக்கார்டை மூடிவிடுவோம். யாரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கே இருக்கிறது. நீர் வெளியே போனதே, ஊதா நிறம் ஏன் கூடவே போகவில்லை? அதே தோலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுவிட்டுப் பாருங்கள். இப்போது உப்பு விட்டாலும் ஒன்றும் சுருங்காது, நிறம் தானாக வடிந்து தண்ணீரில் கலந்துவிடும். செல்சுவர் அப்படியே இருக்கிறது, உட்கருவும் இருக்கிறது, படத்தில் குறிக்க வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. போனது ஒன்றே ஒன்று: எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பிரித்துப் பார்க்கும் சவ்வின் திறன். உயிருள்ள செல்லுக்கும் செத்த செல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்முறை பள்ளிக்கூட ஆய்வகத்தில் இல்லை என்பேன்.

இனி விலங்குச் செல்லுக்கு வருவோம். அதற்குச் சுவர் கிடையாது. உள்ளே புரதங்களும் நியூக்ளிக் அமிலங்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, அவை சவ்வைத் தாண்டி வெளியே போக முடியாது. கரைந்த பொருள் கூடுதலாக உள்ள பக்கம் தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போகும் என்பது சவ்வூடு பரவல் விதி. எனவே தண்ணீர் உள்ளே வரப் பார்க்கும். போதாததற்கு வெளியே இருக்கும் சோடியம் அயனிகளும் சிறுகச் சிறுகக் கசிந்து உள்ளே வருகின்றன. சும்மா விட்டால் செல் வீங்கி வெடிக்க வேண்டியதுதான். வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்ப். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றை உடைத்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீர் இறைப்பவனின் வேலைதான் இது. ஓட்டையை அடைக்க முடியாது, இறைப்பதையும் நிறுத்த முடியாது.

இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. சோடியம்: வெளியே லிட்டருக்கு ஏறத்தாழ 145 மில்லிமோல், உள்ளே 12 அளவில். பொட்டாசியம்: உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. கால்சியம்: உள்ளே இருப்பதைவிட வெளியே ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. நரம்பில் துடிப்பு ஓடுவது, தசை சுருங்குவது, குடல் உணவை உறிஞ்சுவது என்று பின்னால் வரும் பாடங்கள் எல்லாம் இந்த வித்தியாசத்தைச் செலவழித்துத்தான் நடக்கின்றன. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் செல்லில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் இருக்கும்போதே உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும் பகுதி இந்தப் பம்புக்குத்தான் போகிறது. பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நின்றுபோனால் சில நிமிடங்களில் ஏடிபி தீர்ந்துவிடும். பம்ப் நிற்கும், சோடியம் உள்ளே புகும், தண்ணீர் பின்னாலேயே வரும், செல்கள் வீங்கும். நரம்பியல் மருத்துவர்கள் நேரத்தோடு போட்டி போடுவது எதற்கு என்று இப்போது புரியும்.

இந்தப் பம்ப் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் யென்ஸ் ஸ்கௌ என்பவர் மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கடற்கரை நண்டுகளின் கால் நரம்பை அரைத்து, அதன் சவ்வுத் துண்டுகளில் ஏடிபியை உடைக்கும் நொதி ஒன்றைப் பார்த்தார். சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது முழு வேகத்தில் வேலை செய்தது. 1957இல் கட்டுரை வெளியிட்டார், ஆனால் "பம்ப்" என்ற சொல்லைத் தலைப்பில் போடத் துணியவில்லை. அடுத்த ஆண்டு வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் ராபர்ட் போஸ்ட் என்ற அமெரிக்கரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, சிவப்பணுக்களில் சோடியம் வெளியேறுவதை ஒவபைன் என்ற பொருள் தடுக்கும் என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவும் விஷம் அது. ஸ்கௌ அதைப் பற்றி அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. உடனே தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிச் சோதிக்கச் சொன்னார். நண்டு நொதியையும் ஒவபைன் நிறுத்தியது. அந்த நொதியும் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பும் ஒன்றுதான் என்பது அங்கே உறுதியாயிற்று. நோபல் பரிசு கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த விஷத்தின் நெருங்கிய சொந்தம் நம் நெடுஞ்சாலை நடுவே வரிசையாகப் பூத்து நிற்கிறது: அரளி. ஆடு மாடு வாய் வைக்காது என்பதும் அதைச் சாலை நடுவில் நடுவதற்கு ஒரு காரணம். அரளியில் இருக்கும் ஒலியாண்ட்ரின் இதே பம்பைப் பிடித்து நிறுத்திவிடும். இதயத் தசைச் செல்லில் பம்ப் தளர்ந்தால் உள்ளே சோடியம் கூடும். சோடியம் கூடினால் கால்சியத்தை வெளியேற்றும் வழி அடைபடும். கால்சியம் தேங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதே வழியில் வேலை செய்யும் டிஜாக்சினை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் அதுவே பலவீனமான இதயத்துக்கு மருந்து. விஷமும் மருந்தும் ஒரே புரதத்தின் மேல் வேலை செய்கின்றன, அளவுதான் வேறு.

ஆடு மாடு தொடாததைச் சில பூச்சிகள் மட்டும் எப்படித் தின்கின்றன? அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளைத் தின்றே வளர்கிறது. (நம்மூர் எருக்கஞ்செடியில் கோடு போட்ட புழுவாகத் தொங்கும் வெந்தய வரியனும் அதே பேரினம்தான்.) அந்தச் செடிகளிலும் இதே வகை விஷம். மொனார்க்கின் பம்ப் புரதத்தில் 122ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் இருக்கிறது. விஷம் வந்து ஒட்ட வேண்டிய இடம் அது. 2019இல் ஆய்வாளர்கள் பழ ஈயின் மரபணுவைத் திருத்தி 111, 119, 122 ஆகிய மூன்று இடங்களிலும் மொனார்க்கில் இருப்பதுபோல மாற்றினார்கள். ஈக்கள் அந்த விஷத்தைத் தாங்கின. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 122ஐ மட்டும் மாற்றிய ஈக்கள், குலுக்கினால் நரம்பு செயலிழந்து விழுந்தன. 119இல் செய்த மாற்றம் அந்தக் கோளாற்றைக் குறைத்தது. அதாவது பரிணாமத்தில் எந்த மாற்றம் முந்தி வந்தது என்பதும் முக்கியம். "தகவமைப்பு" என்று ஒற்றைச் சொல்லில் தேர்வுத்தாளில் எழுதிவிட்டுப் போகும் விஷயத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

இப்போது படிக்கும் முறைக்கு வருகிறேன். இந்த ஒரு பம்பை எடுத்துக்கொண்டு செல் முழுக்க ஒரு சுற்று வாருங்கள். அதன் மரபணு உட்கருவில் இருக்கிறது. அங்கிருந்து ஆர்என்ஏ வெளியே வருகிறது. சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் ரைபோசோம்கள் புரதத்தைக் கோக்கின்றன, வலையின் சவ்விலேயே அது பதிகிறது. கோல்கையில் சர்க்கரைச் சங்கிலி சீராகிறது. சிறு பை ஒன்றில் ஏறிச் செல்லின் ஓரத்துக்கு வந்து சவ்வோடு இணைகிறது. மைட்டோகாண்ட்ரியா தரும் ஏடிபியில் ஓடுகிறது. பழசானால் லைசோசோமில் உடைபடுகிறது. தனித்தனியாக அரைப் பக்கம் படித்த உறுப்புகள் எல்லாம் ஒரே வேலையின் பகுதிகளாக வந்து நிற்கும். இதை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள், புத்தகத்துப் படத்தைப் பார்க்காமல்.

மைட்டோகாண்ட்ரியாவைப் படிக்கும்போதும் "ஆற்றல் நிலையம்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குள்ளும் ஒரு சவ்வு, அதன் இரு பக்கமும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) அளவில் வித்தியாசம், அந்த வித்தியாசம் வடியும்போது கிடைக்கும் விசையில் ஏடிபி. பீட்டர் மிட்செல் என்ற ஆங்கில உயிர்வேதியியலாளர் 1961இல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1978இல் அதற்கே நோபல் கிடைத்தது.

எது எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கலவையான ஓஆர்எஸ் பொட்டலத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. குடலின் உட்சுவர்ச் செல்லுக்கு இரண்டு முகம். உணவு இருக்கும் பக்கத்துச் சவ்வில், இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடும் ஒரு புரதம். இரத்தம் இருக்கும் பக்கத்தில் நம் பம்ப். பம்ப் சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ளத் தள்ள, செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுதான் மறுபக்கத்திலிருந்து சோடியத்தை இழுக்கிறது, அதோடு குளுக்கோஸும் வருகிறது, பின்னாலேயே தண்ணீர் வருகிறது. குளுக்கோஸும் சோடியமும் இப்படிச் சேர்ந்தே பயணிக்கின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகாவில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார்.

காலராவில் நடப்பது என்ன? கிருமி குடல் செல்லைத் தின்பதில்லை. அது விடும் நச்சு, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறைக் கூட்டி, குளோரைடு வெளியேறும் கதவைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு போக, சோடியமும் தண்ணீரும் போக, கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீர் போகும். அப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று 1959இல் காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. ஆனால் நச்சு கெடுத்தது ஒரு கதவைத்தான். சோடியம்–குளுக்கோஸ் வழி பழுதில்லாமல் இருக்கிறது! வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் குடலில் நிற்காது. சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளே போகும்.

1968இல் டாக்காவில் நடந்த ஆய்வுகள் இதை நோயாளிகளிடம் காட்டின. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் பொங்கான் முகாமில் காலரா பரவியது. இரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கலந்து, பெரிய பாத்திரங்களில் ஊற்றிவைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. செல் சவ்வில் ஒரு புரதம் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற அறிவு இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் குளுக்கோஸ் லிட்டருக்கு 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம். ஏன் குறைத்தார்கள் என்பதற்கும் சவ்வூடு பரவல்தான் விடை. கரைசல் கெட்டியாக இருந்தால் அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கில் குளிர்பானம் கொடுக்காதே என்பதும், பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி பலன் தருவதும் இந்தக் கணக்கில்தான்: மாவுச்சத்து பெரிய மூலக்கூறு, கரைசலை அவ்வளவு கெட்டியாக்காது, குடலில் மெல்லக் குளுக்கோஸாக உடைந்து சோடியத்தைக் கூட்டிப் போகும்.

இரத்த வங்கியிலும் இதே பம்பைப் பார்க்கலாம். இரத்தப் பையை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். குளிரில் பம்ப் கிட்டத்தட்ட நின்றுவிடும், கசிவு மட்டும் தொடரும். அதனால் நாள் ஆக ஆகப் பையில் உள்ள பிளாஸ்மாவில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். பச்சிளங்குழந்தைக்கு நிறைய இரத்தம் ஏற்றும்போது புதிய பையாகப் பார்த்துக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடம்புக்குள் போய்ச் சூடு கிடைத்ததும் அந்தச் செல்கள் பம்பை மறுபடி ஓட்டி, பொட்டாசியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

எல்லா உயிரும் இதே பம்பில் ஓடுவதாக நினைத்துவிடக் கூடாது. ரியோ இலையில் இது இல்லை. தாவரங்களும் பூஞ்சைகளும் புரோட்டான் பம்பை வைத்துக்கொண்டு, வீக்கத்தைச் செல்சுவரால் சமாளிக்கின்றன. பாக்டீரியாவும் சுவரை நம்பித்தான் இருக்கிறது. பெனிசிலின் சுவர் கட்டுவதைக் கெடுத்துவிடும், மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஒருசெல் உயிரான பாராமீசியம் சுருங்கும் வாக்குவோல் என்ற சிறு பையில் நீரைச் சேர்த்து வெளியே அடிக்கிறது. உப்பளத்தில் உப்பு முற்றும் நேரத்தில் பாத்தி இளஞ்சிவப்பாக மாறுவதைத் தூத்துக்குடிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுடையது. அவற்றில் ஹாலோபாக்டீரியம் எதிர்த்து நிற்காமல் தன் உள்ளேயே பொட்டாசியத்தை அள்ளி நிரப்பி, வெளி உப்புக்கு ஈடுகட்டுகிறது. அதன் புரதங்களும் அந்த உப்பிலேயே வேலை செய்யும்படி அமைந்தவை. நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும். அதே பாத்தியில் வாழும் டுனாலியெல்லா என்ற பாசி வேறு வழி எடுத்திருக்கிறது: கிளிசராலைத் தயாரித்து உள்ளே நிரப்பிக்கொள்கிறது. ஒரே பாத்தி, ஒரே உப்பு, இரண்டு தீர்வு. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை ஒப்பிட்டு எழுதிப் பாருங்கள், நல்ல பயிற்சி.

இன்னொரு வகை இருக்கிறது, வேலையையே நிறுத்திவிட்டுப் பிழைப்பவை. காய்ந்த விதை. நெல் விதையை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்துச் சேமிக்கிறோம். அந்த வறட்சியில் எந்தப் பம்பும் ஓட வழியில்லை, ஓடவும் தேவையில்லை, கசிவதற்குத் தண்ணீரே இல்லையே. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை 2005இல் முளைத்தது. பேக்கரியில் வாங்கும் காய்ந்த ஈஸ்டும் இந்த வகைதான். தண்ணீர் இருந்த இடத்தில் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை நின்று, சவ்வையும் புரதங்களையும் குலையாமல் தாங்குகிறது. ஆபத்து காய்ந்து கிடக்கும்போது அல்ல, தண்ணீர் திரும்ப வரும் அந்தச் சில நிமிடங்களில்தான். சவ்வு பழைய ஒழுங்குக்கு வருவதற்குள் உள்ளே இருப்பது கசிந்துவிடும். ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைக்கச் சொல்வது இதற்காகத்தான். குளிர்ந்த நீரில் சவ்வுக் கொழுப்பு இறுகியே இருந்து, கசிவு அதிகமாகும்.

விதை ஆய்வகங்களில் இந்தக் கசிவையே அளந்து விதையின் வீரியத்தைக் கணிக்கிறார்கள். உங்கள் கல்லூரி வேதியியல் துறையில் மின்கடத்துத்திறன் அளக்கும் மீட்டர் இருக்கும், கேட்டு வாங்குங்கள். இந்த ஆண்டு அறுவடையான பட்டாணி, அலமாரியில் மறந்துபோன பழைய பட்டாணி, இரண்டிலும் எடை பார்த்துச் சமமாக எடுத்து, தனித்தனியே காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். விதையை எடுத்துவிட்டு நீரை அளந்தால், பழையதன் எண் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். பிறகு இரண்டிலும் கொஞ்சம் ஈரத்துணியில் முளைகட்டி, எத்தனை முளைத்தன என்று எண்ணி, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.